பழைய கீபோர்டின் டோன் ஃபைலைப் படிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அம்மாப்பேட்டையில் என் தாய்மாமா இருபது வருடத்துக்கு மேல் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்தவர். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்துவிட்டால் அவரை வீட்டில் பார்க்க முடியாது. கச்சேரிக்காக அவர் கையால் செய்துவைத்த நாதஸ்வரம், தவில், உறுமி டோன்கள் எல்லாம் ஒரே ஒரு ஃப்ளாப்பியில் இருந்தன. ஒரு நாள் கீபோர்டின் மெயின் போர்டு போய்விட்டது. ஃப்ளாப்பி மட்டும் மிஞ்சியது. அதே மாடல் ஏற்காட்டில் ஒரு தேவாலயத்தில் இருப்பது தெரியவந்தது. ஆனால் அதில் ஃப்ளாப்பி டிரைவ் வேலை செய்யவில்லை, மிடி (இசைக் கருவிகள் கேபிள் வழியாக ஒன்றோடொன்று பேசும் முறை) மட்டும் வேலை செய்தது.

ஃப்ளாப்பியில் இருப்பதை மிடி வழியாக அந்தக் கீபோர்டுக்குள் அனுப்பவேண்டும் என்றால், ஃபைலுக்குள் எது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். அந்த மாடலின் கையேட்டில் அது இல்லை. கருவியிடமே கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு எட்டு மாதம் ஆனது. இதைத்தான் ரிவர்ஸ் இன்ஜினியரிங் என்கிறார்கள். அதன்பிறகு கீபோர்டு வாசிக்கும் நண்பர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

டோன் ஃபைலுக்குள் இருப்பது ஒலிப்பதிவா?

பெரும்பாலும் இல்லை. சமையல் குறிப்பு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். எந்த அலையை எடுப்பது, எவ்வளவு வேகமாக ஒலி எழுவது, எப்போது அடங்குவது, ஃபில்டர் எவ்வளவு திறப்பது, சுருதி அசைவு (வைப்ரேட்டோ) எத்தனை நேரம் கழித்து வருவது என்று எண்களாக எழுதி வைத்திருக்கும். ஒரு டோனுக்கு நூற்றைம்பது, இருநூறு எண்கள் இருக்கும், அவ்வளவுதான். ஒலியைச் சமைப்பது கீபோர்டுக்குள் இருக்கும் சிப். அதனால்தான் குறிப்பு கையில் இருந்தும் அடுப்பு இல்லாமல் நாங்கள் ஏற்காடு ஏற வேண்டியதாயிற்று.

சாம்ப்ளர் வகைக் கருவிகள் வேறு. அவற்றின் ஃபைலில் உண்மையான ஒலிப்பதிவும் இருக்கும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இதற்கு ப்ரோக்ராமிங் தெரிய வேண்டுமா? என்னென்ன வேண்டும்?

தொடங்குவதற்குத் தேவையில்லை. ஒரு ஹெக்ஸ் எடிட்டர் (ஃபைலில் இருக்கும் எண்களை அப்படியே காட்டும் மென்பொருள்), ஒரு நோட்டு, பேனா போதும். ஹெச்எக்ஸ்டி, இம்ஹெக்ஸ் இரண்டும் இலவசம். நிறைய ஃபைல்களை ஒப்பிடும் கட்டம் வரும்போது கொஞ்சம் பைத்தான் தெரிந்தால் கை வலி குறையும். கருவியோடு பேச யூஎஸ்பி மிடி இன்டர்ஃபேஸ் ஒன்று வேண்டும். மலிவான சில இன்டர்ஃபேஸ்கள் வாசிக்கும் ஸ்வரங்களைச் சரியாக அனுப்பும், நீளமான சிஸ்டம் எக்ஸ்குளூசிவ் செய்தியை (அந்தந்த நிறுவனத்தின் கருவிக்கு மட்டும் புரியும் மிடி செய்தி) பாதியில் விழுங்கிவிடும். என்னிடம் முதலில் இருந்தது அப்படித்தான். மூன்று வாரம் ஃபைல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். ஒரே டம்ப்பை (கருவி தன் தரவை மொத்தமாக அனுப்புவது) பத்து முறை எடுத்து, பத்தும் ஒரே அளவில் வருகிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

ஹெக்ஸ் என்பது பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்முறை, அதில் ஒன்பதுக்கு மேல் எழுத்துகள் வரும். இந்தப் பக்கத்தில் எல்லாவற்றையும் சாதாரண எண்களாகவே எழுதியிருக்கிறேன்.

ஃப்ளாப்பியை அப்படியே டிரைவில் போட்டுப் பார்க்கலாமா?

கொஞ்சம் பொறுங்கள். முதலில் மூலையில் இருக்கும் சிறு தாழ்ப்பாளை நகர்த்தி ஓட்டை தெரியும்படி வையுங்கள். அப்போதுதான் எதுவும் தவறி எழுதப்படாது. அப்புறம் உலோக மூடியை விலக்கி உள்ளே இருக்கும் வட்டத்தை வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகப் புள்ளி இருந்தால் அது பூஞ்சை. அதோடு டிரைவில் போட்டால் ஹெட் (படிக்கும் முனை) அழுக்காகி அந்த ஃப்ளாப்பியையும் கீறும், அடுத்து போடுவதையும் கீறும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும்.

அம்மாப்பேட்டையில் பீரோவில் இருந்த மாமாவின் ஃப்ளாப்பி சுத்தமாக இருந்தது. தேவாலயத்தில் இருந்த ஏழு ஃப்ளாப்பிகளில் ஐந்தில் பூஞ்சை. ஏற்காட்டின் மூடுபனியில் காப்பிக்கொட்டையைக் காயவைப்பதே பாடு, காந்தத் தட்டு எம்மாத்திரம்.

படிக்க முடிந்ததும் ஒவ்வொரு ஃபைலாக காப்பி செய்யாதீர்கள், முழு வட்டையும் ஒரே இமேஜ் ஃபைலாக எடுங்கள். 720 கேபி வகை என்றால் இமேஜில் 7,37,280 பைட் (ஒரு பைட் என்பது 0 முதல் 255 வரையிலான ஒரு எண்) இருக்க வேண்டும் (80 தடம், 2 பக்கம், ஒரு தடத்துக்கு 9 பகுதி, ஒரு பகுதிக்கு 512 பைட்). 1.44 எம்பி வகை என்றால் 18 பகுதி, அதாவது 14,74,560. யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ்கள் பெரும்பாலும் கணினியின் வழக்கமான வடிவத்தை மட்டுமே படிக்கும். தனக்கென்று ஒரு வடிவம் வைத்திருக்கும் கருவிகளுக்கு கிரீஸ்வீசல் போன்ற ஒரு மின்சுற்றுப் பலகையும் பழைய டிரைவும் வேண்டும். அது தட்டில் உள்ள காந்த மாற்றங்களையே பதிந்து கொடுக்கும்.

எந்தக் கருவியில் பழகுவது நல்லது?

பதில் ஏற்கெனவே தெரிந்த ஒன்றில். என் பரிந்துரை யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசர். 1983இல் வந்தது. அதன் தரவு வடிவத்தை யமஹாவே கையேட்டில் அச்சிட்டுக் கொடுத்தது. கையேட்டைப் பார்க்காமல் நீங்களாகவே கண்டுபிடிக்கப் பாருங்கள், அப்புறம் திருத்திக்கொள்ளுங்கள். கருவியும் தேவையில்லை. டெக்ஸ்டு (Dexed) என்ற இலவச மென்பொருள் அதே ஃபைல்களைப் படித்து வாசிக்கும்.

32 டோன் கொண்ட டிஎக்ஸ்7 ஃபைல் சரியாக 4104 பைட். முதல் ஆறு பைட்: 240, 67, 0, 9, 32, 0. இதில் 240 என்பது சிஸ்டம் எக்ஸ்குளூசிவ் செய்தியின் தொடக்கம். 67 யமஹாவின் அடையாள எண் (ரோலண்டுக்கு 65, கோர்குக்கு 66, கேசியோவுக்கு 68). அடுத்த 0 மிடி சேனலுக்கானது, 9 என்றால் 32 டோன் கொண்ட தொகுப்பு. கடைசி இரண்டு எண்கள் நீளத்தைச் சொல்கின்றன: 32 பெருக்கல் 128, கூட்டல் 0, ஆக 4096. அதன்பின் 4096 பைட் தரவு, ஒரு சரிபார்ப்பு எண், முடிவுக்கு 247. கூட்டிப் பாருங்கள், 4104 வரும்.

4096ஐ 32ஆல் வகுத்தால் டோனுக்கு 128 பைட். ஹெக்ஸ் எடிட்டரின் வரிசை அகலத்தை 128 என்று வைத்து, முன்னால் இருக்கும் ஆறு பைட்டைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், வலது ஓரத்தில் டோன் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நெல் நாற்று மாதிரி வரிசையாக நிற்கும். ஒவ்வொரு பெயரும் பத்து எழுத்து, 118ஆவது இடத்திலிருந்து 127 வரை (0விலிருந்து எண்ணி). நான் முதன்முதலில் அதைப் பார்த்தபோது இரவு இரண்டு மணி. அதுவரை குப்பையாகத் தெரிந்தது ஒரே நொடியில் அட்டவணையாகிவிட்டது. அந்த சந்தோஷம்தான் அடுத்த எட்டு மாதத்துக்கும் தெம்பு கொடுத்தது.

தெரியாத ஃபைல் என்றால் முதலில் எதைப் பார்ப்பது?

அளவைப் பாருங்கள். மாமாவின் ஃபைல் 16,512 பைட். அந்தக் கீபோர்டில் பயனர் டோன்கள் 64. 64 பெருக்கல் 256 என்றால் 16,384, மிச்சம் 128. அப்படியென்றால் தலைப்புக்கு 128, டோனுக்கு 256 என்று ஊகித்தேன். பெயர்களைத் தேடினால் 256 பைட்டுக்கு ஒருமுறை வந்தன. ஊகம் சரி.

அடுத்தது எழுத்துகள். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் 65இல் தொடங்கும், இடைவெளி 32. மாமா எல்லா டோனுக்கும் தன் முதலெழுத்தைப் போட்டுவைக்கும் பழக்கம் உள்ளவர். அது பெரிய உதவியாக இருந்தது.

ஒரு எண் எதைக் குறிக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தப் பொழுதுபோக்கின் உயிரே இதில்தான் இருக்கிறது. கருவியில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றுங்கள். சேமியுங்கள். முன்பு எடுத்ததோடு ஒப்பிடுங்கள். மாறிய பைட்தான் அந்த விஷயம்.

சொல்ல எளிது. செய்யும்போது சில ஒழுங்குகள் வேண்டும். முதலில் எதையுமே மாற்றாமல் இரண்டு முறை சேமித்து ஒப்பிடுங்கள். அப்போதும் ஏதாவது மாறியிருந்தால் அது கருவியின் சொந்தக் கணக்கு, உங்கள் கேள்விக்குப் பதில் இல்லை. அடுத்தது, தனியாகத் தெரியும் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். ஃபில்டரை 0 என்று வைத்தால் ஃபைல் முழுக்க 0 கிடக்கும், 77 என்று வைத்தால் கண்ணில் படும். என்வலப் (ஒலி எழுந்து அடங்கும் விதம்) போன்ற தொடர்ச்சியான அமைப்புகளுக்கு 11, 22, 33, 44 என்று ஒரே முறையில் வைத்துவிட்டால் நான்கும் அதே வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம்.

அப்புறம், ஒவ்வொரு அமைப்புக்கும் மூன்று அளவாவது எடுங்கள்: குறைந்தது, நடு, அதிகம். இரண்டு புள்ளியை வைத்துக்கொண்டு கோடு போடாதீர்கள். நான் போட்டேன், அதன் கதை கடைசியில் வருகிறது.

லினக்ஸில் சிஎம்பி கட்டளையால் ஒப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எல்லா வித்தியாசங்களையும் பட்டியலிடச் சொன்னால் அது இடத்தை 1இலிருந்து எண்ணும், மதிப்பை ஆக்டல் எண்ணில் (எட்டை அடிப்படையாகக் கொண்ட எண்முறை) காட்டும். ஹெக்ஸ் எடிட்டர் 0விலிருந்து எண்ணும். இரண்டையும் ஒரே நோட்டில் கலந்து எழுதினால் ஒரு வாரம் போய்விடும்.

தேவாலயத்தில் வழிபாடு இல்லாத சனிக்கிழமை மதியங்களில்தான் கீபோர்டு கிடைக்கும். சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. மேலே போய் என்ன செய்வது என்று யோசிக்கக் கூடாது என்பதற்காக வாரம் முழுக்க உட்கார்ந்து சோதனைப் பட்டியல் எழுதுவேன். ஒரு மதியத்தில் நாற்பது டம்ப் எடுத்துவிட்டு இறங்குவேன். கருவி எப்போதும் பக்கத்தில் இருந்திருந்தால் இவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன்.

திரையில் ஒரு எண், ஃபைலில் வேறு எண் இருக்கிறதே?

பெரும்பாலும் கீழே உள்ளவற்றில் ஒன்றாக இருக்கும். திரை 1இலிருந்து எண்ணும், ஃபைல் 0விலிருந்து எண்ணும்: டிஎக்ஸ்7இன் 32 அல்காரிதங்கள் (ஒலி அலகுகளை இணைக்கும் முறைகள்) 0 முதல் 31 வரையாகத்தான் சேமிக்கப்படும். குறை எண்களுக்கு நடுவை நகர்த்தியிருப்பார்கள்: அதே கருவியில் டிட்யூன் (சுருதியைச் சற்றே விலக்குவது) திரையில் -7 முதல் +7 வரை, ஃபைலில் 0 முதல் 14 வரை, 7 என்றால் பூஜ்யம். சில கருவிகளில் -1 என்பது 255 ஆக இருக்கும்.

இன்னொன்று, ஒரே பைட்டில் இரண்டு அமைப்புகள் குடியிருப்பது. ஒரு சுவிட்சைப் போட்டால் எண் 16 கூடுகிறது, அல்லது 64 கூடுகிறது என்றால் அது ஒரு பிட் (பைட்டுக்குள் 0 அல்லது 1 மட்டும் கொள்ளும் இடம்). டிஎக்ஸ்7 தனி டோனாக அனுப்பும்போது 155 பைட் எடுத்துக்கொள்கிறது, 32 டோன் தொகுப்பில் அதையே 128க்குள் மடித்துவிடுகிறது. அதற்காக டிட்யூனையும் ரேட் ஸ்கேலிங் என்ற இன்னொரு அமைப்பையும் ஒரே பைட்டில் வைத்திருக்கிறார்கள். இடம் பஞ்சமாக இருந்த காலம் அது. பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான்கு பேர் உட்காருகிற மாதிரி.

பெரிய எண்களுக்கு இரண்டு பைட் வேண்டும். 1000 என்பது 3 பெருக்கல் 256 கூட்டல் 232. மோட்டரோலா 68000 சிப் உள்ள கருவிகள் 3, 232 என்று எழுதும், இன்டெல் வழி வந்தவை 232, 3 என்று எழுதும்.

வரிசையும் தலைகீழாக இருக்கலாம். டிஎக்ஸ்7இல் ஆறு ஆப்பரேட்டர்கள் (ஒலி அலையை உருவாக்கும் அலகுகள்), ஒவ்வொன்றுக்கும் 17 பைட், ஆனால் ஆறாவதுதான் முதலில் வரும்.

ஃப்ளாப்பி ஃபைலும் மிடி டம்ப்பும் ஒன்றுதானா?

உள்ளடக்கம் ஒன்று, உடை வேறு. மிடியில் தரவு பைட் 128க்குக் கீழேதான் இருக்க வேண்டும், 128இலிருந்து மேலே உள்ளவை கட்டளைகள். ஃப்ளாப்பியில் 255 வரை வரும். ஆகவே அனுப்புவதற்கு முன் உடைக்க வேண்டும். ஒரு வழி, பைட்டை இரண்டு பாதியாக்குவது: 200 என்றால் 12, 8 (12 பெருக்கல் 16 கூட்டல் 8). இன்னொரு வழியைக் கோர்க் கருவிகளில் பார்க்கலாம்: ஏழு பைட்டுகளின் மேல் பிட்டை மட்டும் கழற்றி, கூடுதலாக ஒரு பைட்டில் சேர்த்து அனுப்புவது.

ஏற்காட்டில் எடுத்த ஒரு டோனின் டம்ப் 522 பைட். முன்னால் எட்டு, பின்னால் இரண்டு போக 512. அது 256இன் இரட்டிப்பு. அன்றைக்குத்தான் இரண்டும் கை குலுக்கிக்கொண்டன. அந்த 512ஐ இரண்டிரண்டாகச் சேர்த்தபோது மாமாவின் ஃபைலில் இருந்த அதே அமைப்பு அப்படியே வந்தது.

வேகமும் கவனிக்க வேண்டியது. மிடி நொடிக்கு 31,250 பிட், ஒரு பைட்டுக்குப் பத்து பிட் ஆவதால் நொடிக்கு 3,125 பைட். பழைய கருவிகளுக்கு ஒரு டோனை வாங்கி உள்ளே வைக்கக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். டோனுக்கு டோன் அரை நொடி இடைவெளி விட்டு அனுப்பினேன்.

சரிபார்ப்பு எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது?

டோன் பெயரில் ஒரு எழுத்தை மட்டும் அடுத்த எழுத்தாக மாற்றுங்கள். சரிபார்ப்பு எண் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ அது வெறும் கூட்டல் கணக்கு. டிஎக்ஸ்7இல் தரவு பைட்டுகள் எல்லாவற்றையும் கூட்டி, 128ஆல் வகுத்த மீதியை 128இலிருந்து கழிக்க வேண்டும். மீதி 37 என்றால் 91. மீதி 0 என்றால் 0. ரோலண்டும் இதே வழிதான், முகவரி பைட்டுகளையும் சேர்த்துக் கூட்டும். ஒரு எழுத்துக்கே எண் எங்கெங்கோ தாவினால் சிஆர்சி என்ற சிக்கலான கணக்கு வகையாக இருக்கும். அதற்குப் பொறுமை வேண்டும்.

நான் எழுதிய ஃபைலைக் கருவிக்குள் அனுப்பினால் கருவி கெட்டுப்போகுமா?

டோன் தரவால் பொதுவாகக் கெடாது, ஆனால் உள்ளே இருப்பதன்மேல் எழுதிவிடும். தேவாலயத்தின் கீபோர்டு நம்முடையது இல்லை. அதனால் முதல் நாளே அதில் இருந்த எல்லா டோன்களையும் டம்ப் எடுத்து இரண்டு பென்டிரைவில் வைத்து, ஒன்றை அங்கேயே கொடுத்துவிட்டேன்.

எழுதும் ப்ரோக்ராமுக்கு முதல் சோதனை: ஃபைலைப் படி, எதையும் மாற்றாமல் திரும்ப எழுது. ஒரு பைட்கூட மாறாமல் வர வேண்டும். இரண்டாவது, அர்த்தம் தெரியாத பைட்டை அப்படியே விடுங்கள். எப்போதும் 5 என்றே இருந்த ஒரு பைட்டைத் தேவையில்லாதது என்று நினைத்து 0 ஆக்கினேன். கருவி அப்படியே உறைந்துவிட்டது. சுவிட்சை அணைத்துப் போட்டதும் திரும்பியது, ஆனால் அந்த அரை நிமிடம் மறக்காது. ஃபர்ம்வேர் (கருவியையே இயக்கும் உள் நிரல்) அப்டேட் ஃபைல்களை மட்டும் சோதனைக்குக்கூட மாற்றி அனுப்பாதீர்கள்.

சாம்ப்ளர் ஃபைல் என்றால்?

காதை வைத்துப் பாருங்கள். ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஃபைலைக் கச்சா தரவாக இறக்குமதி செய்து, 16 பிட் என்று வைத்து வாசியுங்கள். பைட் வரிசை தவறாக இருந்தால் வெறும் இரைச்சல், சரியாக இருந்தால் இரைச்சலுக்கு நடுவே திடீரென்று ஒரு மிருதங்க அடி விழும். அது எந்த நொடியில் விழுகிறது என்பதைக் கொண்டே ஃபைலில் இடத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

இது சட்டப்படி சரியா?

நான் வழக்கறிஞர் இல்லை, சட்டத்தில் இருப்பதைச் சொல்கிறேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 52ஆம் பிரிவு, சட்டப்படி கையில் வைத்திருக்கும் கணினி நிரல் எப்படி வேலை செய்கிறது என்று கவனிக்கவும், ஆராயவும் இடம் தருகிறது. தனியாக உருவாக்கிய நிரல் அதோடு சேர்ந்து இயங்கத் தேவையான தகவல் வேறு வழியில் எளிதாகக் கிடைக்காதபோது, அதைப் பெறவும் இடம் தருகிறது. அதற்காகக் கருவிக்குள் இருக்கும் ஒலிப்பதிவுகளையோ ஃபர்ம்வேரையோ நகலெடுத்துப் பகிரலாம் என்று பொருள் இல்லை. அமைப்பு அட்டவணையைப் பகிருங்கள். மற்றவர் உருவாக்கிய டோன்களை அவரிடம் கேட்டுவிட்டுப் பகிருங்கள்.

கடைசியில் மாமாவின் நாதஸ்வரம் ஒலித்ததா?

ஒலித்தது. மார்கழியில் ஒரு சனிக்கிழமை அவரை ஏற்காட்டுக்கு அழைத்துப் போனேன். 64 டோனும் ஏறின. ஸ்வெட்டரும் மஃப்ளருமாக உட்கார்ந்து மல்லாரி மாதிரி ஒன்றை மெதுவாக வாசித்தார். இரண்டு வரி வாசித்துவிட்டு நிறுத்தினார்.

"மாப்ள, அசைவு சீக்கிரம் வந்துடுது. நான் இப்படி வெக்கல."

எனக்கு எந்த வித்தியாசமும் கேட்கவில்லை. மடிக்கணினியைத் திறந்து அசைவு தாமதத்தைப் பார்த்தேன், 99 என்று இருந்தது. மற்ற அமைப்புகள் எல்லாம் 0 முதல் 99 வரை என்பதால் இதுவும் அப்படித்தான் என்று இரண்டே அளவு எடுத்து முடித்திருந்தேன். அதற்கு மேல் போகும் எண்களை என் ப்ரோக்ராம் 99 என்று வெட்டிவிட்டது. மாமா பையிலிருந்து பழைய கச்சேரி நோட்டை எடுத்துப் புரட்டினார். நாதஸ்வரம் பக்கத்தில் பென்சிலில் 112 என்று எழுதியிருந்தது. மூல ஃபைலைப் பார்த்தேன். அங்கேயும் 112.

ப்ரோக்ராமில் அந்த ஒரு வரியைத் திருத்தி மறுபடி அனுப்பினேன். அவர் முதலிலிருந்து வாசித்தார், இந்த முறை நிறுத்தவில்லை.